பறக்க வைத்தவர்கள்

ஒரு காசோலை. தேதி 1938 மார்ச் 1. மொத்தத் தொகை 412 டாலர். எந்த வேலைக்கு எவ்வளவு என்று அதிலேயே வரி வரியாகக் கணக்கு இருக்கிறது. அந்த வரிகளில் ஒன்றில் 130 டாலர் என்று போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு சொல்: சூப்பர்மேன்.

பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 13 பக்கங்கள், ஆக 130. அந்தப் பணத்தோடு கதாபாத்திரத்தின் முழு உரிமையும் பதிப்பகத்தின் கைக்குப் போய்விட்டது. விற்றவர்கள் அமெரிக்காவின் கிளீவ்லேண்டைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள். ஜெர்ரி சீகல் எழுதுவார், ஜோ ஷூஸ்டர் வரைவார். இருவருக்கும் அப்போது 23 வயது. காசோலையில் இருவர் பெயரிலும் எழுத்துப்பிழை. அதனால் பின்பக்கத்தில் தப்பான பெயரில் ஒரு கையெழுத்து, சரியான பெயரில் இன்னொரு கையெழுத்து என்று இரண்டு முறை போட வேண்டியிருந்தது. 2012-ல் அந்தக் காகிதம் மட்டும் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது.

சூப்பர் ஹீரோ படங்கள் என்றதும் பலருக்கும் கிராபிக்ஸும் வசூல் கணக்கும்தான் கண்முன் வரும். எனக்கு வருவது இந்தக் காசோலை. ஏனென்றால் இந்த வகைப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தாளர்கள், இயக்குநர்கள் வாழ்க்கையை எங்கே தொட்டாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் போய் நிற்கிறது: பெயர் யாருக்கு?

சீகலின் அப்பா கிளீவ்லேண்டில் துணிக்கடை வைத்திருந்தார். 1932-ல் கடையில் திருட்டு நடந்த இரவில் அவர் மாரடைப்பில் இறந்துபோனார். குண்டு துளைக்காத மனிதன் ஒருவனை மகன் எழுதியது அதற்குப் பிறகுதான். இரண்டையும் முடிச்சுப் போட்டு சீகல் வெளிப்படையாகப் பேசியதில்லை. வாசகர்கள்தான் போட்டுக்கொள்கிறார்கள். நானும் போட்டுக்கொள்கிறேன்.

1947-ல் இருவரும் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். கிடைத்தது ஒரு சமரசத் தொகை. அதோடு கதைகளிலிருந்து அவர்கள் பெயரும் எடுக்கப்பட்டது. ஷூஸ்டருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. வரைந்த கை, பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போனது. சீகல் லாஸ் ஏஞ்சலீஸில் குமாஸ்தா ஆனார். சூப்பர்மேனோ ரேடியோ, தொலைக்காட்சி, பொம்மை, பனியன் என்று உலகத்தையே சுற்றிக்கொண்டிருந்தான்.

1975-ல் ஒரு செய்தி வந்தது. சூப்பர்மேனைப் பெரும் பொருட்செலவில் சினிமாவாக எடுக்கப் போகிறார்கள், பட உரிமைக்கே லட்சக்கணக்கான டாலர் கைமாறிவிட்டது. 61 வயது சீகல் உட்கார்ந்து தன் கதையைப் பல பக்கங்களுக்குத் தட்டச்சு செய்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அந்தப் படத்துக்கு அவர் விட்ட சாபமும் அதில் இருந்தது. நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற இரண்டு ஓவியர்கள் இதைத் தங்கள் சொந்தப் பிரச்னையாக எடுத்துக்கொண்டு டி.வி. நிலையம், செய்தித்தாள் என்று அலைந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், சூப்பர்மேன் உரிமையை அப்போது வைத்திருந்த வார்னர் நிறுவனம் இறங்கி வந்தது. இருவருக்கும் ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம். இனி வரும் ஒவ்வொரு சூப்பர்மேன் கதையிலும் படத்திலும் உருவாக்கியவர்கள் என்று இருவர் பெயரும் இருக்கும்.

1978 டிசம்பரில் படம் வெளியானபோது டைட்டிலில் அந்தப் பெயர்கள் வந்தன. சூப்பர்மேனின் அப்பாவாகச் சில நிமிடங்கள் வந்துபோன மார்லன் பிராண்டோவுக்குக் கொடுத்த சம்பளம் 37 லட்சம் டாலர். அந்த 20,000-ஐயும் இந்த 37 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

புல்வெளியில் ஓடிய இயக்குநர்

அந்தப் படத்தை எடுத்த ரிச்சர்ட் டோனரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு இருக்கும் சூப்பர் ஹீரோ சினிமா முழுவதும் ஒருவகையில் அவருடைய பட்டறையிலிருந்து வந்ததுதான்.

டோனர் பல ஆண்டுகள் தொலைக்காட்சித் தொடர்களை இயக்கியவர். 1976-ல் வந்த ‘தி ஓமன்’ என்ற திகில் படம்தான் அவரை மேலே தூக்கியது. அது ஓடிய வேகத்தைப் பார்த்துத் தயாரிப்பாளர்களான சால்கைண்ட் குடும்பம் அவரைத் தேடி வந்தது. அவர் கையில் கொடுக்கப்பட்ட திரைக்கதை 500 பக்கத்துக்கு மேல். தொடக்கத்தில் எழுதியவர் ‘காட்ஃபாதர்’ புகழ் மரியோ பூஸோ. அதைப் பிறகு வேறு சிலரும் திருத்தியிருந்தார்கள். அதில் ஒரு காட்சி: சூப்பர்மேன் மொட்டைத்தலை வில்லனைத் தேடிப் பறந்து இறங்கி ஒருவர் தோளைத் தொடுவான். திரும்பினால் அது அந்தக் காலத்து டி.வி. தொடர் ஒன்றின் மொட்டைத்தலைத் துப்பறிவாளர். அரங்கம் சிரிக்க வேண்டுமாம்.

டோனருக்குக் கோபம் வந்தது. சிறுவயதில் தான் நம்பிய ஒருவனை இப்படிக் கேலிப்பொருளாக்க அவருக்கு மனசு வரவில்லை. ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த நண்பர் டாம் மேன்கிவிச்சைக் கூப்பிட்டார். மேன்கிவிச் வீட்டு வாசலுக்கு வந்தபோது டோனர் சூப்பர்மேன் உடையைப் போட்டுக்கொண்டு புல்வெளியில் அவரை நோக்கி ஓடி வந்தாராம். மேன்கிவிச் ஒப்புக்கொண்டார். இருவரும் கதையை அடியிலிருந்து திருத்தினார்கள். பார்க்கிறவன் நம்ப வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்த ஒரே விதி. அந்தக் கருத்தைச் சொல்லும் ஒற்றைச் சொல்லை டோனர் பலகையில் எழுதி, படப்பிடிப்புத் துறைகளின் கண்ணில் படும்படி வைத்தார்.

படத்தைப் பார்த்தால் அந்த விதி எங்கே வேலை செய்கிறது என்று புரியும். முதல் ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதியில் சூப்பர்மேன் உடையே கிடையாது. கோதுமை வயல், வயதான வளர்ப்புப் பெற்றோர், ஒரு சாவு வீடு. இவ்வளவு வலிமை இருந்தும் அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அந்தப் பையன் கல்லறை அருகே சொல்லும் இடத்தில்தான் கதை வேர் பிடிக்கிறது. அப்பாவைக் கடையிலே பறிகொடுத்த சீகலிடம் கதை திரும்பிப் போய்ச் சேர்ந்துவிட்டது போல எனக்கு எப்போதும் தோன்றும்.

மேன்கிவிச்சுக்குத் திரைக்கதை என்ற வரியில் இடம் கிடைக்கவில்லை. படைப்பு ஆலோசகர் என்று தனியாக ஒரு கார்டு போட்டார் டோனர். அதற்கும் எழுத்தாளர் சங்கத்திடமிருந்து எதிர்ப்பு வந்தது. டோனருக்கு நடந்தது இன்னும் மோசம். முதல் பாகத்தோடு சேர்த்தே இரண்டாம் பாகத்தையும் பெருமளவு எடுத்து வைத்திருந்தவரை, முதல் பாகம் உலகமெங்கும் ஓடிய பிறகு தயாரிப்பாளர்கள் நீக்கினார்கள். ரிச்சர்ட் லெஸ்டர் வந்து பல காட்சிகளைத் திரும்ப எடுத்து முடித்தார். டோனர் எடுத்த வடிவத்தை ரசிகர்கள் டி.வி.டி.யில் பார்க்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் அவர் விதைத்தது வீண்போகவில்லை. டோனரும் அவர் மனைவி லாரன் ஷூலர் டோனரும் நடத்திய தயாரிப்பு அலுவலகத்தில் 1990-களில் பயிற்சி உதவியாளராக ஒரு பையன் சேர்ந்தான். நியூஜெர்சியிலிருந்து வந்தவன். திரைப்படக் கல்லூரி ஐந்து முறை நிராகரித்து, ஆறாவது முறை இடம் கொடுத்தது. பெயர் கெவின் ஃபைகி. லாரன் தயாரித்த ‘எக்ஸ்-மென்’ (2000) படத்தில் காமிக்ஸ் அறிவுக்காகவே இணைத் தயாரிப்பாளர் ஆனார். 2007-ல் மார்வெல் ஸ்டூடியோஸின் தலைவர். ஒவ்வொரு படம் தொடங்கும் முன்பும் டோனரின் ‘சூப்பர்மே’னைப் போட்டுப் பார்ப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். டோனரிடம் உதவியாளராக இருந்த இன்னொருவர் ஜெஃப் ஜான்ஸ். அவர் பின்னாளில் டி.சி. காமிக்ஸின் முன்னணி எழுத்தாளர். போட்டி நிறுவனங்கள் இரண்டுக்கும் ஒரே அலுவலகத்திலிருந்து ஆள் போயிருக்கிறது.

கிறிஸ்டோபர் நோலன் ‘பேட்மேன் பிகின்ஸ்’ எடுக்கக் கிளம்பியபோது முன்மாதிரியாகச் சொன்னதும் டோனரின் படத்தைத்தான். பேட்டி ஜென்கின்ஸுக்கு அது இன்னும் நெருக்கம். போர் விமானியான அப்பாவை ஏழு வயதில் இழந்த அந்தச் சிறுமியை அந்தப் படம்தான் தேற்றியது. ‘மான்ஸ்டர்’ (2003) எடுத்து, தன் நாயகிக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த பிறகும், ஜென்கின்ஸின் அடுத்த திரைப்படம் வர 14 ஆண்டுகள் ஆயின. அதுதான் ‘வொண்டர் வுமன்’ (2017). உலகளவில் 80 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆண் இயக்குநர் ஒருவர் அப்படியொரு முதல் படம் எடுத்துவிட்டு 14 ஆண்டுகள் காத்திருந்திருப்பாரா? மாட்டார் என்பதுதான் என் பதில்.

இருட்டில் இருந்தவர்

சூப்பர்மேனைப் படைத்தவர்களுக்காவது உயிரோடு இருக்கும்போதே பெயர் திரும்பக் கிடைத்தது. பேட்மேன் பக்கம் அதுவும் இல்லை.

1939-ல் பாப் கேன் என்ற ஓவியர் சூப்பர்மேன் போல ஒன்று வேண்டும் என்று பதிப்பகம் கேட்டதும் ஒரு படம் வரைந்தார். சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி, முதுகில் விறைப்பான இறக்கைகள். அதைச் செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்த நண்பர் பில் ஃபிங்கரிடம் காட்டினார். ஃபிங்கர் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார். சின்ன முகமூடி வேண்டாம், தலையை மூடும் காதுவைத்த மூடி போடு. இறக்கை வேண்டாம், அங்கி போடு. சிவப்பை எடு, சாம்பலும் கறுப்பும் வை. கையுறை மாட்டு. புரூஸ் வெய்ன் என்ற பெயர் ஃபிங்கர் வைத்தது. கோதம் என்ற நகரின் பெயர் அவர் வைத்தது. முதல் கதையை எழுதியதும் அவரே. இருவரும் உட்கார்ந்து கதை பேசிய இடம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், எட்கர் ஆலன் போ வாழ்ந்த குடிலை ஒட்டிய ஒரு பூங்கா.

பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டவர் கேன் மட்டும். பேட்மேனை உருவாக்கியவர் பாப் கேன் என்றுதான் எல்லா இடத்திலும் அச்சானது. ஃபிங்கர் கதைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். கதைக்கு உதவும் வித்தியாசமான தகவல்களை நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைத்துக்கொள்வாராம். கெடு தாண்டுபவர் என்ற பெயரும் இருந்தது. நன்றாக எழுத நேரம் எடுத்துக்கொள்பவர்களுக்கு வருகிற பெயர்தான் அது. 1965-ல் நியூயார்க்கில் நடந்த ரசிகர் மாநாட்டில் முதல்முறையாக மேடையில் பேசினார். ரசிகர் ஒருவர் உண்மையை எழுதியபோது, கேன் கோபத்தோடு மறுத்துக் கடிதம் போட்டார். 1966-ல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடராகி அமெரிக்காவே பைத்தியமாகப் பார்த்தது. அதில் இன்னொருவரோடு சேர்ந்து ஒரே ஒரு கதையை எழுதும் வாய்ப்பு ஃபிங்கருக்குக் கிடைத்தது. தான் படைத்த நாயகனுக்குத் திரையில் அவர் பெயர் வந்தது உயிரோடு இருந்தவரை அந்த ஒரு கதைக்குத்தான். அதுவும் அந்தக் கதையை எழுதியவராக மட்டும்.

1974 ஜனவரியில் நியூயார்க் வீட்டில் தனியாக இறந்துகிடந்தார். அவருக்குக் கல்லறை கிடையாது. மகன் சாம்பலை எடுத்துக்கொண்டு போய், ஓரிகன் கடற்கரை மணலில் வௌவால் வடிவில் தூவினார். அலை வந்து எடுத்துக்கொண்டது.

1989-ல் டிம் பர்ட்டனின் ‘பேட்மேன்’ வந்து வசூலைக் குவித்தபோதும், நோலனின் மூன்று படங்கள் வந்தபோதும் டைட்டிலில் கேன் பெயர் மட்டுமே. மார்க் டைலர் நோபிள்மேன் என்ற சிறுவர் நூல் எழுத்தாளர்தான் இதை விடாமல் பிடித்துக்கொண்டவர். ஃபிங்கருக்கு வாரிசே இல்லை என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, தொலைபேசியும் பழைய ஆவணங்களுமாகத் தேடிப் பேத்தி ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தப் பேத்தி உரிமைக் குரல் எழுப்ப, 2015-ல் டி.சி. நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2016-ல் ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ படத்தின் டைட்டிலில் கேன் பெயரோடு ஃபிங்கர் பெயரும் சேர்ந்து வந்தது. அவர் இறந்து 42 ஆண்டுகள் கழித்து. அந்தப் படத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அந்த ஒரு வரிக்காக அதை மதிக்கிறேன். பிராங்ஸில் அந்தப் பூங்காவின் பக்கத்துத் தெருவுக்கு 2017-ல் அவர் பெயரை வைத்தார்கள்.

சனிக்கிழமைப் படங்கள்

பெரிய ஸ்டூடியோக்கள் இந்தப் படங்களைக் கொடுத்த இயக்குநர்களின் தொடக்கத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நோலனின் முதல் படம் ‘ஃபாலோயிங்’ (1998) கறுப்பு வெள்ளையில், வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்துச் சனிக்கிழமைதோறும் ஓராண்டு எடுத்தது. செலவு ஏறத்தாழ 6,000 டாலர். ஏழே ஆண்டுகளில் அவர் கையில் பேட்மேன். சாம் ரைமி ‘ஈவில் டெட்’ எடுக்க முதலில் ஒரு குறும்படம் செய்து, அதை எடுத்துக்கொண்டு பல் டாக்டர்களிடமும் வக்கீல்களிடமும் பணம் கேட்டுப் போனவர். ஜேம்ஸ் கன் தன் முதல் திரைக்கதைக்கு வாங்கியது 150 டாலர். இன்று டி.சி. ஸ்டூடியோஸின் இரு தலைவர்களில் ஒருவர். 2025-ல் வந்த ‘சூப்பர்மே’னை எழுதி இயக்கியவரும் அவர்தான்.

காசில்லாமல் படம் எடுத்தவனுக்குத்தான் எது முக்கியம் என்று தெரிகிறது. ரைமியின் ‘ஸ்பைடர்-மேன் 2’ (2004) இதற்கு நல்ல சாட்சி. படத்தின் தொடக்கத்தில் நாயகன் பீட்சா டெலிவரி பாய். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காததால் பணம் கிடைக்காது, வேலையும் போகும். இன்னோர் இடத்தில் சலவை இயந்திரத்தில் சூப்பர் ஹீரோ உடையின் சாயம் இறங்கி மற்ற துணியெல்லாம் கறையாகும். வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர் கதவருகே காத்திருப்பார். இதன் திரைக்கதை ஆசிரியர் ஆல்வின் சார்ஜென்ட் அப்போது 77 வயதுக்காரர். மனித உறவுக் கதைகளுக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். சுவர் ஏறும் பையனின் கதைக்கு அப்படி ஒருவரைக் கூட்டிவந்ததால்தான், 20 ஆண்டுகள் கழித்தும் அந்தப் படம் நெஞ்சில் நிற்கிறது. சூப்பர் ஹீரோ படத்தின் உயிர் எழுத்தில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த வரிசையில் நமக்கு நெருக்கமான ஒருவரும் உண்டு: மாகியில் பிறந்த எம். நைட் ஷியாமளன். அப்பா மலையாளி, அம்மா தமிழர். அவருடைய முதல் படமான ‘பிரேயிங் வித் ஆங்கர்’ (1992) நம்முடைய சென்னையில் எடுக்கப்பட்டது. ‘சிக்ஸ்த் சென்ஸ்’ கொடுத்த வெற்றிக்குப் பிறகு அவர் எழுதி இயக்கிய ‘அன்பிரேக்கபிள்’ (2000) ஒரு காவலாளியின் கதை. ரயில் விபத்தில் தான் மட்டும் கீறல் இல்லாமல் தப்பியது ஏன் என்று அவன் யோசிக்கத் தொடங்குகிறான். மகன் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டின் கீழ்த்தளத்தில் எடை தூக்கிப் பார்க்கும் காட்சி இருக்கிறதே, எடை தீர்ந்துபோய் பெயின்ட் டப்பாக்களைக் கட்டித் தூக்குவான். பறத்தல் இல்லை, வெடிப்பு இல்லை. மகனின் கண்ணில் அப்பா வளர்ந்துகொண்டே போகிறார். காமிக்ஸ் என்ற சொல்லை விளம்பரத்தில் கொண்டுவரவே ஸ்டூடியோ தயங்கியது என்று ஷியாமளன் பின்னர் சொல்லியிருக்கிறார். பத்தே ஆண்டுகளில் ஹாலிவுட் அந்தச் சொல்லை நம்பியே பிழைக்கத் தொடங்கியது. நடுவில் அவர் எடுத்த பெரிய படங்கள் சறுக்கின. வீட்டை அடமானம் வைத்து 50 லட்சம் டாலரில் ‘தி விசிட்’ (2015) எடுத்துத் திரும்பி வந்தார். அடுத்து ‘ஸ்ப்ளிட்’, ‘கிளாஸ்’ என்று பழைய கதையை 19 ஆண்டுகள் கழித்து முடித்தும் வைத்தார்.

இன்றைய கணக்கு

இப்போதாவது எல்லாம் சரியாகிவிட்டதா? ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ (2019) உலகளவில் 279 கோடி டாலர் வசூலித்தது. அதன் வில்லன் தானோஸை 1973-ல் காமிக்ஸில் படைத்தவர் ஜிம் ஸ்டார்லின். 2017-ல் அவர் வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார். தன் கதாபாத்திரங்களான தானோஸ், கமோரா, டிராக்ஸ் மூன்றும் மார்வெல் படங்களில் வந்ததற்குக் கிடைத்த மொத்தப் பணத்தைவிட, டி.சி. படம் ஒன்றில் தான் படைத்த ஒரு சின்ன அடியாள் தலைகாட்டியதற்குக் கிடைத்த காசோலை பெரியது. அதன் பிறகுதான் தானோஸுக்கான தொகை திருத்தப்பட்டது. ‘வின்டர் சோல்ஜர்’ கதையை எழுதிய எட் புரூபேக்கரும் இதே போல வேதனைப்பட்டிருக்கிறார். அந்தக் கதையை வைத்து எடுத்த மார்வெல் படத்தில் ஒரு சின்ன வேடத்தில் தலைகாட்டியதற்காக நடிகர் சங்க விதிப்படி வந்துகொண்டிருக்கும் தொகை, அந்தப் பாத்திரத்தைப் படைத்ததற்குக் கிடைத்ததைவிட அதிகமாம்.

இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய முத்து காமிக்ஸ் நினைவுக்கு வந்தது. 1972-ல் தொடங்கிய அந்த வெளியீட்டின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. அவனைத் தெரியாத காமிக்ஸ் வாசகர் தமிழில் இருக்க முடியாது. ஆனால் அவன் கதைகளை ஆங்கிலத்தில் எழுதிய கென் புல்மர், டாம் டல்லி, அவனை வரைந்த ஸ்பெயின் ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ ஆகியோரின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே வெகுகாலம் தெரியாது. மின்சாரம் பாய்ந்து மறைந்துபோகும் அந்த உடலை வரைந்த கை யாருடையது என்று சிறுவயதில் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மார்வெல் படங்கள் முடிந்ததும் அடுத்த படத்துக்கான துணுக்குக் காட்சிக்காக அரங்கில் உட்கார்ந்திருக்கிறோம். அப்போது ஓடும் பெயர்களில், நன்றி என்ற தலைப்பின் கீழ் காமிக்ஸ் எழுத்தாளர்கள், ஓவியர்களின் பெயர்கள் சின்ன எழுத்தில் வேகமாகப் போகும். அடுத்த முறை அவற்றை வாசியுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய அந்த 13 பக்கங்களின் காப்புரிமை, அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டுகள் நிறைந்து, 2033-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முடிகிறது. 2034 ஜனவரி 1 முதல் அந்தக் கதை அங்கே பொதுச்சொத்து. சீகலும் ஷூஸ்டரும் இல்லாத ஊரில், இன்னொரு 23 வயது எழுத்தாளர் யாரிடமும் கேட்காமல் அதிலிருந்து தன் கதையைத் தொடங்கலாம்.